வழி மாறிச் செல்லும் நோய்



ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வழக்கம் உண்டு. காலரா குடலைத் தாக்கும். இளம்பிள்ளை வாதம் காலை முடக்கும். வழக்கம் தவறாமல் வரும் நோயை மருத்துவர் விரைவில் இனங்கண்டு கொள்கிறார். நோய் தன் வழக்கத்தை விட்டு வேறு வழியில் சென்றால், அதனை வேறு நோய் என்று எண்ணிவிடுவது இயல்பு. அவ்வாறு வழி மாறிச் செல்லக்கூடிய நோய் ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். முதுமை எய்திய ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் அது.

நான் மருத்துவன் அல்லன், கலைப் பட்டதாரி, நடுவண் அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன். மருத்துவர்கள் எழுதியவற்றைப் படித்து, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து, பொதுமக்களுக்கு வேண்டிய அளவில் எடுத்துச் சொல்வதே என் நோக்கம். ஊரில் தந்தையும் தாயும் இருக்க, பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இச்செய்தி தனியே வேண்டப்படுவது. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அந்தச் சுரப்பியை அறிந்து கொள்வோம். புராஸ்டேட் என்னும் சொல் கிரேக்க மொழியில் பிறந்தது. முன்னே நிற்பவன் என்பது அதன் பொருள். அதனையொட்டித் தமிழில் முன்னிற்குஞ் சுரப்பி என்றும் வழங்குவர். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, ஏறத்தாழ ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் அது அமைந்திருக்கிறது. வயது ஏற ஏற அது பருப்பது பெரும்பாலோரிடம் காணப்படுவதே. இரவில் பல முறை எழுந்து செல்வதும், நீர் தடைபட்டுச் சொட்டுச் சொட்டாக வருவதும் அதனால் நேரலாம். அப்பருமன் வேறு, புற்றுநோய் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கக் கூடும். தொடக்கத்தில் புற்றுநோய் யாதோர் அறிகுறியும் காட்டாமலும் இருக்கக் கூடும்.

1853-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து அறுவை மருத்துவர் ஆடம்ஸ் என்பார் இப்புற்றினை நுண்ணோக்கியால் ஆய்ந்து விவரித்தபோது, இது மிக அரிய நோய் என்று எழுதினார். அக்காலத்தில் முதுமை வரை உயிர் வாழ்ந்தோரே குறைவு. நம் நாட்டிலும் விடுதலை பெற்ற காலத்தில் மக்களின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகளை ஒட்டியே இருந்தது. இன்று அது ஏறத்தாழ 70. ஆயுள் கூடியதால், முதியோர் நோய்களும் நம் வீடுகளுக்குள் வந்திருக்கின்றன.

இனி, இந்நோயின் வழக்கமான பாதையைப் பார்ப்போம். முற்றிய நிலையில் புராஸ்டேட் புற்று பெரிதும் நாடிச் செல்வது எலும்பை. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா எலும்பு ஆகியவற்றில் அது குடியேறும். இவ்வழக்கம் மிகப் பழைமையானது. தென் சைபீரியாவில் துவா என்னும் பகுதியில் 2,700 ஆண்டுகளுக்கு முற்பட்ட சித்தியக் குலத் தலைவன் ஒருவனின் புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. அவன் எலும்புகளில் புராஸ்டேட் புற்றின் தடங்கள் நிறைந்திருந்தன என்று 2007-ஆம் ஆண்டில் அறிஞர் அறிவித்தனர்.

எலும்பை ஏன் நாடுகிறது என்பதற்கு இரு விளக்கங்கள் உள. 1889-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் வரலாறுகளை ஆராய்ந்து, புற்றின் அணுக்கள் விதைகள் போன்றவை, உறுப்புகள் நிலம் போன்றவை என்றார். விதை எங்கும் விழலாம். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். இது ஒரு விளக்கம். 1940-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரத்து உடற்கூற்று அறிஞர் ஆஸ்கார் பாட்சன் மற்றொன்றைத் தந்தார். இடுப்புப் பகுதியின் இரத்த நாளங்கள் முதுகெலும்பைச் சூழ்ந்த நாள வலையோடு இணைந்திருக்கின்றன. அவ்வலையின் நாளங்களில் தடுப்பிதழ்கள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் கூடி, இரத்தம் அவ்வழியே திரும்பிப் பாய்கிறது. ஆகவே புற்றின் அணு நுரையீரலைத் தொடாமலே முதுகெலும்பை அடைய முடியும் என்று அவர் காட்டினார். ஒருவர் நிலத்தைக் கூறினார். ஒருவர் வாய்க்காலைக் கூறினார். இரண்டும் உண்மையே என்று இன்று கொள்ளப்படுகிறது.

ஆனால் வாய்க்கால் ஒன்று மட்டும் அன்று. நிணநீர்க் குழாய்கள் என்னும் வேறொரு வலையும் உடலெங்கும் பரந்துள்ளது. வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் வரும் நிணநீர் எல்லாம் மார்பு நிணக்குழாய் வழியே மேலேறி, கழுத்தின் இடப்புறத்தில், காறை எலும்புக்குப் பின்னால் இரத்தத்தோடு கலக்கிறது. அதனால் அடிவயிற்றில் உள்ள புற்று, இடையிலுள்ள உறுப்புகளில் எந்த அடையாளமும் காட்டாமல், இடப்பக்கக் கழுத்தின் அடியில் ஒரு கட்டியாக முதலில் தலைகாட்டக் கூடும். இரத்தத்தின் வழியே நுரையீரல், ஈரல், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி ஆகியவற்றுக்கும் செல்லும். மிக அரிதாக மூளையைப் போர்த்திய உறை, கண்குழி, விரை, தோல் ஆகியவற்றிலும் கண்டிருக்கிறார்கள்.

இவை எவ்வளவு அரியவை? புராஸ்டேட் புற்று இருந்த 1,589 பேரின் உடல்களை இறப்பிற்குப் பின் சோதித்த ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் 35 விழுக்காட்டினரிடம் நோய் இரத்தத்தின் வழியே தொலைவில் பரவியிருந்தது. அவ்வாறு பரவியவர்களுள் எலும்பில் 90 விழுக்காடு, நுரையீரலில் 46 விழுக்காடு, ஈரலில் 25 விழுக்காடு, அட்ரீனலில் 13 விழுக்காடு என்று கண்டனர். நோயாளி உயிரோடிருக்கையில் மருத்துவர் காண்பதைவிட உள்ளே நிகழ்வது பெரிது என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது. வழி மாறிய பரவல் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, கண்ணில் படாமல் போன பரவலே.

இதனால் குடும்பத்திற்கு என்ன இடர் என்று கேட்கலாம். இந்நோய் எவ்வூரிலும் வரக்கூடியது. எனினும் பேச்சு தெளிவாகும் பொருட்டு ஓர் ஊரை மனத்தில் வைத்துக் கொள்வோம். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையம் இருக்கிறது. மாந்தோப்புகளும் மாங்காய்ச் சந்தையும் கொண்ட ஊர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த பகுதி. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசப்படும் பகுதி. தமிழ் பேசும் பிள்ளைகளும் தந்தையை நைனா என்றழைக்கும் வீடுகள் அங்கே உண்டு.

அவ்வூரில் 72 வயதுடைய தோட்டக்காரர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்வோம். மகன் புனேயில், மகள் தில்லியில். பெரியவரின் இடக்கழுத்தில், காறை எலும்புக்கு மேலே, கொட்டைப் பாக்கு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, உடல் மட்டும் சற்று இளைத்திருக்கிறது. ஊரார் என்ன சொல்வார்கள்? கண்டமாலை என்பார்கள், காசநோய்க் கட்டி என்பார்கள். அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. நம் நாட்டில் கழுத்தில் கட்டி தோன்றுவதற்குக் காசநோய் மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று. அதிலும் அப்பகுதி மக்களுக்குக் காசநோயின் நினைவு ஆழமானது. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னும் காசநோய் மருத்துவ நிலையம் 1915-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் பிரிமட் மோலர் அதனை வளர்த்தார். தென்னாட்டின் பல திசைகளிலிருந்தும் நோயாளிகள் அங்குச் சென்று தங்கினர். தாத்தா ஆரோக்கியவரம் போய் வந்தவர் என்று சொல்லும் குடும்பத்தில், பேரனின் வாயில் முதலில் வரும் பெயர் காசநோயாகவே இருக்கும்.

காசநோய் மருந்து ஆறு மாதம் உண்ண வேண்டும். திசுவைச் சோதியாமல் அம்மருந்தைத் தொடங்கிவிட்டால், ஆறு மாதமும் உண்மை நோய் தடையின்றி வளரும். கட்டி கரையவில்லை என்று அறிந்த பிறகே அடுத்த கேள்வி எழும். இடைப்பட்ட காலத்தில் பெரியவருக்கு முதுகு வலித்தால், அதற்கும் காசநோயே காரணம் என்பர். அல்லது தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த உழைப்பு என்பர். அல்லது வயது என்பர். இவ்வாறு ஒரே நோய் மூன்று பெயர்களில் வீட்டில் உலவும். பெரியவர் இரவில் ஐந்து முறை எழுந்து செல்வதை ஒருவரும் அக்கட்டியோடு சேர்த்து எண்ணுவதில்லை. அவரும் கூச்சத்தால் வாய் திறப்பதில்லை.

காசநோய் மருந்தைக் குறை கூறுவது என் கருத்தன்று. சோதனையில் காசநோய் என்று தெளிந்தால் அதனை முழுமையாக உண்ணவே வேண்டும். இரு நோயும் ஒருவரிடமே இருத்தலும் கூடும். பெயர் சூட்டுவதற்கு முன் சோதித்தல் வேண்டும் என்பதே செய்தி. கட்டியில் ஊசி செலுத்தியோ, சிறு துண்டு எடுத்தோ நுண்ணோக்கியில் பார்ப்பது முதற்படி. அதில் புற்று என்று தெரிந்தால், அது எவ்வுறுப்பில் பிறந்தது என்பது அடுத்த கேள்வி. இரைப்பையில் பிறந்ததும், நுரையீரலில் பிறந்ததும், புராஸ்டேட்டில் பிறந்ததும் கழுத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். புராஸ்டேட் திசுவுக்கே சிறப்பாக உரிய புரதங்கள் சில உள்ளன. எடுத்த துண்டில் சிறப்புச் சாயங்களை ஏற்றி, அப்புரதங்கள் உள்ளனவா என்று நோயியல் வல்லுநர் பார்க்கிறார். கூடவே இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். மருத்துவர் விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. பி.எஸ்.எம்.ஏ. என்னும் பொருளைக் குறிவைத்துப் படம் எடுக்கும் பெட் சோதனை இப்போது பெருநகர மருத்துவமனைகளில் உள்ளது. முன்பு கண்ணில் படாத பரவலை அது காட்டித் தருகிறது.

நோய் பிறந்த இடத்தை அறிவதில் இத்தனை முயற்சி எதற்கு, முற்றிய புற்று எதுவாயினும் முடிவு ஒன்றுதானே என்று சிலர் நினைக்கலாம். இந்நோயைப் பொறுத்தவரை அது பெருந்தவறு. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ஆம் ஆண்டில், ஆண்மைச் சுரப்பு நீரைக் குறைத்தால் பரவிய புராஸ்டேட் புற்றும் சுருங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். படுக்கையில் கிடந்தோர் வலி நீங்கி எழுந்தனர். இன்று அறுவைக்கு மாற்றாக ஊசிகள் வந்துள்ளன, மாத்திரைகளும் வந்துள்ளன. 790 பேரிடம் நிகழ்த்திய ஆய்வொன்று 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுரப்பு நீரை அடக்கும் மருத்துவத்தோடு தொடக்கத்திலேயே டோசிடாக்செல் என்னும் மருந்தையும் சேர்த்துத் தந்தபோது, பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 44 மாதங்களிலிருந்து 57.6 மாதங்களாக உயர்ந்தது. ஓராண்டுக்கும் மேற்பட்ட வாழ்வு அது. கழுத்துக் கட்டியோடு வந்தவருக்கு இரைப்பைப் புற்றின் மருத்துவமோ காசநோய் மருத்துவமோ தந்தால் இப்பயன் கிட்டாது.

பரவிய இடம் எது என்பதும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. சுரப்பு நீர் மருத்துவத்திற்கு அடங்காத நிலையை அடைந்த 8,820 பேரின் விவரங்களைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. நிணநீர் முடிச்சுகளில் மட்டும் பரவியோர் நடுக்கணக்கில் 31.6 மாதங்கள் வாழ்ந்தனர். எலும்பில் பரவியோர் 21.3 மாதங்கள், நுரையீரலில் பரவியோர் 19 மாதங்கள், ஈரலில் பரவியோர் 13.5 மாதங்கள். ஆக, கழுத்தில் கட்டி கண்டவுடன் எல்லாம் முடிந்தது என்று நம்பிக்கை இழப்பதும் சரியன்று. எலும்பில் பரவியவரைவிட அவருக்கு நீண்ட காலம் கிடைக்கக் கூடும்.

மற்றொன்றும் அறிய வேண்டும். பல ஆண்டு மருத்துவத்திற்குப் பின் சிலரிடம் இப்புற்று தன் இயல்பையே மாற்றிக் கொள்கிறது. அப்போது ஈரல் போன்ற உறுப்புகளில் அது வேகமாகப் பெருகும், பி.எஸ்.ஏ. அளவோ குறைவாகவே நிற்கும். எண் குறைவாக இருக்கிறதே என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, பெரியவர் நாளுக்கு நாள் மெலிவார். இத்தகையோருக்கு மீண்டும் திசுச் சோதனை செய்து, வேறு வகை மருந்து தருகிறார்கள். அச்சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து அமைதி கொள்ளலாகாது. மனிதரையும் பார்த்தல் வேண்டும்.

சில அறிகுறிகளில் காலம் தாழ்த்தவே கூடாது. முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்கு அடங்காமற் போனாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடக்கக்கூடிய நிலையில் மருத்துவம் தொடங்கப்பெற்றவர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார். நடை இழந்த பின் தொடங்கினால் அது திரும்புவது அரிது. முகவாய் மரத்துப்போதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், ஒரு கண் பிதுங்குதல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியனவும் அற்பமல்ல. முதியவரிடம் இவை புதிதாகத் தோன்றினால், பல்லோ கண்ணோ நரம்போ என்று தனித்தனியே பார்ப்பதோடு நில்லாமல், புராஸ்டேட்டையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கும்படி மருத்துவரைக் கேட்பது பொருந்தும்.

பங்காருபாளையத்துப் பெரியவருக்குச் சோதனை வசதிகள் எட்டாத் தொலைவில் இல்லை. ஒருபுறம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது; 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கியது அது. மறுபுறம் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. இன்னும் கிழக்கே, முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-ஆம் ஆண்டில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. குறைவாயிருப்பது வசதியன்று; கேள்வி கேட்பவர் இன்மை.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இச்செய்தி தனியே வேண்டும் என்று நான் கூறியதன் காரணம் இதுவே. மாதம் ஒரு முறை தொலைபேசியில் பேசும் மகன், நைனா, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பான். நன்றாய் இருக்கிறேன் என்று விடை வரும். அந்த விடையில் ஒன்றும் இல்லை. இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், முதுகு வலி படுத்தாலும் தீரவில்லையா, படி ஏறுகையில் கால் தொய்கிறதா, வேட்டி தளர்ந்து போயிற்றா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மகனிடமும் மருமகளிடமும் சொல்லக் கூசுவதை, ஒத்த வயதுடைய மைத்துனரிடம் ஒரு தந்தை சொல்லக் கூடும். அவரைக் கொண்டேனும் கேட்க வேண்டும்.

பின்பு தந்தையைப் புனேக்கோ தில்லிக்கோ அழைத்து வருகிறீர்கள். அங்குள்ள மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. நீங்களே இடையில் நின்று மொழிபெயர்க்கிறீர்கள். என் தொழிலை ஒட்டி இங்கு ஒரு சொல் கூற எனக்கு உரிமை உண்டு. தந்தை கால் மரத்துப் போகிறது என்பார், கால் தொய்கிறது என்பார், கால் கடுக்கிறது என்பார். முதலாவது உணர்ச்சி குறைதல், இரண்டாவது வலுக் குறைதல், மூன்றாவது வலி. மூன்றும் மூன்று வேறு குறிகள். அவற்றையெல்லாம் சேர்த்துப் பலவீனம் என்று ஒரே சொல்லில் இந்தியில் சொல்லிவிட்டால், மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமற் போவார். தந்தை சொன்னதைச் சொன்னவாறே சொல்லுங்கள். எந்த நாள் தொடங்கியது, எந்தப் பக்கம் என்பதையும் விடாதீர்கள். சிறுநீர் பற்றிய பேச்சு வரும்போது, மகனும் மகளும் சற்று வெளியே நின்று, தமிழறிந்த செவிலியர் ஒருவரையோ உடன் வந்த பெரியவர் ஒருவரையோ உள்ளே விடுதல் நலம்.

ஊரிலிருந்து புறப்படும்போது பழைய சீட்டுகளையும், படங்களையும், திசுச் சோதனை நடந்திருந்தால் அத்திசுவை வைத்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி எடுத்து வர வேண்டும். அக்கட்டி இருந்தால், மற்றொரு முறை கத்தி வைக்காமலே புதிய சாயச் சோதனைகளைச் செய்ய இயலும். குடும்பத்தில் சகோதரர்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்ததா, பெண்களுக்கு மார்பகப் புற்றோ சூலகப் புற்றோ வந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் இவை ஒரே மரபணுக் குறைபாட்டால் வருவன. அறிந்தால் அடுத்த தலைமுறையினரும் முன்னதாகச் சோதித்துக் கொள்ளலாம்.

இத்தனையும் கேட்டு, முதியோர் எல்லாரும் நாளையே இரத்தச் சோதனைக்கு ஓட வேண்டும் என்று எவரும் கொள்ள வேண்டா. இப்புற்றில் பல மெல்ல வளர்வன. தென் ஆப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு 1997-ஆம் ஆண்டில் இந்நோய் கண்டது. அவர் 2021-ஆம் ஆண்டு வரை, தம் 90 வயது வரை, வாழ்ந்தார். அறிகுறி இல்லாதவர்க்குச் சோதனை வேண்டுமா என்பதை அவரும் மருத்துவரும் கலந்து முடிவு செய்யலாம். ஆனால் ஐம்பது வயதைக் கடந்த ஆண் ஒருவருக்குக் காரணம் தெரியாத கழுத்துக் கட்டியோ, தீராத முதுகு வலியோ, விளக்கம் கிடைக்காத மெலிவோ இருக்குமானால், புராஸ்டேட்டைச் சோதித்துப் பார்த்தாயிற்றா என்னும் கேள்வியை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தொலைவில் இருந்தாலும் பிள்ளைகள் அக்கேள்வியைக் கேட்கலாம்.